நான்கு புத்தகங்கள், ஒரே படம்

சென்ற மாதம் நீங்கள் எல்லோரும் நீர்வேலியில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்திருந்தீர்கள். தேநீர் குடித்து முடிந்ததும் உங்களில் ஒருவர் என் அலுமாரிகளைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "மிஸ், உதெல்லாம் இப்ப போனிலையே கிடக்கு. ஏன் உவ்வளவு இடத்தை அடைச்சு வைச்சிருக்கிறியள்?" என்று கேட்டார். கேட்டது யாரென்று இங்கே எழுதமாட்டேன். நல்ல கேள்விதான். என் கணவர் அதையே கலியாணம் முடித்த காலத்திலிருந்து கேட்டு வருகிறார். அன்றைக்குப் பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. எங்கள் கல்லூரியின் நாணயப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு முழுப் பதிலையும் எழுதித்தான் தரவேண்டும் என்று அப்போதே நினைத்துக்கொண்டேன்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது, கல்லூரியின் நாணயச் சேகரிப்புக்கு இருந்தது ஒரேயொரு பட்டியல் நூல். அது பொறுப்பாளரின் அலுமாரிக்குள் இருக்கும். அலுமாரிப் பூட்டின் திறப்பு பின்னேரம் அவரோடு வீட்டுக்குப் போய்விடும். அவர் லீவு எடுத்தால் அன்றைக்கு என் வேலையும் லீவுதான். கையில் நாணயத்தை வைத்துக்கொண்டு, இது எந்த வகை என்று பார்ப்பதற்குப் புத்தகம் இல்லாமல் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருப்பேன். அந்தச் சலிப்பில்தான் சொந்தமாகப் புத்தகம் சேர்க்கத் தொடங்கினேன்.

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் பல்கலைக்கழகப் பக்கம் உள்ள போட்டோக்கொப்பிக் கடைகளில் பாதி, கொழும்பில் நடைபாதையில் பரப்பி வைத்த பழைய புத்தகங்களில் பாதி என்று சேர்ந்தன. கனடாவில் இருக்கும் என் அக்கா வரும்போதெல்லாம் "என்ன கொண்டுவாறது?" என்று கேட்பா. மற்றவர்கள் சொக்லேற் கேட்பார்கள், நான் ஒரு பட்டியல் நூலின் பெயரைச் சொல்வேன். "இந்தப் பாரத்துக்கு ரெண்டு சீலை கூடக் கொண்டந்திருப்பன்" என்று சொல்லிக்கொண்டே பெட்டியின் அடியிலிருந்து எடுத்துத் தருவா.

இப்படிச் சேர்த்த முதற் சேகரம் போர்க்கால இடப்பெயர்வோடு போய்விட்டது. வீட்டைப் பூட்டிவிட்டுத் தென்மராட்சிக்குப் போனோம். திரும்பி வந்தபோது சுவர்கள் இருந்தன, அலுமாரி இல்லை. புத்தகம் வைத்திருந்த அறையில் ஆட்டுப்புழுக்கை கிடந்தது. என் கணவர் விளக்குமாற்றை எடுத்துக் கூட்டிக்கொண்டே, "திரும்பச் சேக்கத்தான் போறீர் எண்டு எனக்குத் தெரியும். இந்தமுறை இரும்பு அலுமாரி வாங்குவம்" என்றார். அந்த ஒரு வசனத்துக்காக அவருடைய வாழைக்குலைகளை அந்த அறையின் மூலையில் பழுக்க வைப்பதற்கு இன்றுவரை அனுமதித்திருக்கிறேன்.

இரண்டாம் முறை சேர்க்கும்போது என் ருசி மாறிவிட்டது. முதலில் கனமான, பளபளக்கும் தாளில் நிறப்படம் போட்ட புத்தகங்களைத்தான் தேடினேன். புதியவர்கள் எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள், அதில் பிழையில்லை. ஆனால் அந்தப் பெரிய புத்தகங்களை எழுதியவர்கள் எதைப் பார்த்து எழுதினார்கள் என்று எனக்கு அறியவேண்டியிருந்தது. அதனால் மெல்லிய, அட்டை கிழிந்த, ஒருவரும் விரும்பாத சாமான்களைச் சேர்க்கத் தொடங்கினேன். சஞ்சிகைகளிலிருந்து பிரித்த கட்டுரைகள், எப்போதோ முடிந்துபோன ஏலங்களின் விற்பனைப் பட்டியல்கள் போன்றவை.

அப்படி வந்ததுதான் நீங்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு பார்த்த அந்த அடித்தட்டுக் கட்டு. கொழும்புத்துறையில் பிலோமினா அக்கா என்று ஒருவர் இருந்தார். அவருடைய கணவர் கப்பலில் வேலை செய்தவர். போன துறைமுகங்களில் எல்லாம் நாணயமும் நாணயப் புத்தகமும் வாங்கியிருக்கிறார். அவர் காலமான பிறகு நாணயங்களைப் பிள்ளைகள் பிரித்துக்கொண்டார்கள். புத்தகங்கள் கடலைப் பார்த்த அறையில் ஒரு தகரப்பெட்டிக்குள் கிடந்தன. என்னைப்பற்றி யாரோ சொல்லி, பிலோமினா அக்கா ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்.

"அவர் உதுகளைப் படம் பாக்கிறதுக்கு வைச்சிருந்தவர் பிள்ளை. எனக்கு ஒண்டும் விளங்கேல்லை. எரிக்க மனம் வரேல்லை, நீ கொண்டு போ" என்றார்.

உப்புக்காற்றில் ஊறி, பல புத்தகங்கள் நனைந்த பாண் துண்டுகள்போல் ஒட்டிக் கிடந்தன. ஓட்டோவில் ஏற்றி வந்தேன். வழியெல்லாம் ஓட்டோக்காரர், "என்ன அன்ரி, கருவாடோ?" என்று கேட்டுக்கொண்டு வந்தார். வீட்டில் கணவர் ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டு, "முடிஞ்ச ஏலத்தின்ரை விலைப்பட்டியலை வைச்சு என்ன செய்யப்போறீர்?" என்றார். வெயிலில் ஒருநாள் வைத்து எடுத்து, கட்டி அடித்தட்டில் வைத்தேன்.

இனி நடந்ததற்கு வருகிறேன்.

போருக்குப் பிறகு, பெட்டிகளில் கட்டி வேறிடத்தில் வைத்திருந்த கல்லூரி நாணயங்கள் திரும்பி வந்தன. அவற்றைப் பிரித்து, இழுத்துத் திறக்கும் லாச்சிகளில் அடுக்கியவர்கள் இரண்டு பேர். ஒருவர் அப்போதைய பொறுப்பாளர். மற்றவர் நியாஸ். லாச்சிகளின் திறப்பு இந்த இருவரிடமும்தான் இருந்தது. நாணயம் வேண்டுமென்றால் நான் நியாஸிடம் கேட்டு வாங்கிப் பார்த்து, அன்றே திருப்பிக் கொடுப்பேன்.

நியாஸ் யாழ்ப்பாண நகரத்துப் பிள்ளை. சோனகத்தெருவில் பிறந்து, தொண்ணூறில் வடக்கு முஸ்லிம்கள் எல்லோரோடும் வெளியேற்றப்பட்டு, புத்தளத்தில் வளர்ந்து, கலியாணம் முடித்துப் பிறகு திரும்பி வந்தவர். அதிகம் கதைக்கமாட்டார். என்னோடு வேலை செய்தவர்களில், ஒரு சாமானை எடுத்த இடத்திலேயே திருப்பி வைக்கும் பழக்கம் உள்ள ஒரே ஆள் அவர்தான்.

எங்கள் பழைய பதிவேடு போரில் அழிந்துபோனது. ஆகவே சேகரிப்பில் என்னென்ன இருந்தது என்பதற்கு ஒரே ஆதாரம், போருக்கு முன் ஒருவர் வந்து பார்த்து எழுதி வெளியிட்ட அந்தப் பட்டியல் நூல்தான். அதை வைத்துக்கொண்டு ஒவ்வொரு லாச்சியாகச் சரிபார்த்து வந்தேன். யாழ்ப்பாண அரசர்களின் சேது நாணயங்கள் இருந்த லாச்சி என் கைக்கு இன்னும் வரவில்லை. அதற்கு முன், கொழும்பிலிருந்து ஒரு பெண் ஆய்வாளர் வந்து அந்த லாச்சியைத்தான் பார்க்கவேண்டும் என்று கேட்டார்.

அன்று வெள்ளிக்கிழமை. நியாஸ் லாச்சியைத் திறந்து தட்டை மேசையில் வைத்துவிட்டு ஜும்மாவுக்குப் போயிருந்தார். ஆய்வாளர் தன்னுடைய பட்டியல் நூலைத் திறந்து, ஒரு நாணயத்தையும் படத்தையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு பூதக்கண்ணாடியை என்னிடம் தந்து, "நீங்களும் ஒருக்காப் பாருங்கோ மிஸ்" என்றார்.

சேது நாணயத்தை நீங்கள் அறிவீர்கள். ஒரு பக்கம் நிற்கும் அரசன், மறுபக்கம் படுத்திருக்கும் நந்தி, கீழே "சேது" என்ற எழுத்து. கையால் அடித்தவை என்பதால் ஒன்றைப்போல் இன்னொன்று இருக்காது. இது அந்த வகையிலும் அரிதான ஒன்று. நூலில் இருந்த படத்தில் "து" பாதி வெட்டுப்பட்டு, நந்தியின் முதுகுக்கு நேரே விளிம்பில் ஒரு சிறு காயம் இருந்தது. தட்டில் இருந்த நாணயத்தில் "து" முழுதாக இருந்தது. விளிம்பில் காயம் இல்லை. படத்தின் கீழே எங்கள் கல்லூரியின் பெயர் தெளிவாக அச்சாகியிருந்தது.

பொறுப்பாளரைக் கூப்பிட்டோம். அவருடைய முகம் சுருங்கிப்போனது. நியாஸ் தொப்பியைக் கழற்றாமலே திரும்பி வந்தபோது நாங்கள் மூவரும் பேச்சை நிறுத்திவிட்டு நின்றோம். அந்த நிறுத்தமே அவருக்குப் போதுமாக இருந்தது.

"நியாஸ், உந்த லாச்சியின்ரை திறப்பு ஆரிட்டை இருக்கிறது?" என்று பொறுப்பாளர் கேட்டார்.

"என்னட்டை ஒண்டு. உங்களிட்டை ஒண்டு, சேர்."

"உதிலை இருந்த காசு மாறியிருக்கு. உம்மடை பையை ஒருக்காத் திறந்து காட்டும்."

நியாஸ் தோளில் இருந்த பையை எடுத்து மேசையில் வைத்தார். திறக்கவில்லை.

"நாங்கள் வெளிக்கிட்டபோது எங்கடை வாப்பாவின்ரை பையைச் சோதிச்சுப்போட்டுத்தான் விட்டவை. அவர் திறந்து காட்டினவர். நான் பக்கத்திலை நிண்டனான்" என்றார். குரல் உயரவில்லை. "நான் காட்டமாட்டன் சேர். வேணுமெண்டா பொலிசைக் கூப்பிடுங்கோ. அவை திறக்கட்டும்."

ஆய்வாளர் குறுக்கே வந்தார். "நான் களவு எண்டு சொல்லேல்லை. படத்திலை இருக்கிறது இது இல்லை எண்டு மட்டும்தான் சொன்னனான்."

"அதுக்கு வேறை என்ன அர்த்தம், டொக்டர்?" என்றார் பொறுப்பாளர். அவர் கெட்ட மனிதர் அல்ல. திறப்பு இரண்டு பேரிடம் இருக்கிறது, அதில் ஒருவர் தான் என்பது அவரை உலுக்கிவிட்டது. பயந்த மனிதன் தன்னைவிட்டுத் தூரமாக விரலை நீட்டுவான். இதை உங்கள் வேலைக்காலத்தில் நிறையக் காண்பீர்கள்.

நான் நாணயத்தை நிறுத்துப் பார்க்கலாமா என்று கேட்டேன். தராசில் வைத்தோம். நூலில் எங்கள் நாணயத்துக்கு எழுதியிருந்த அதே நிறை.

"களவெடுக்கிறவன் நிறை பாத்துத்தான் மற்றதை வைப்பான்" என்றார் பொறுப்பாளர். பிறகு, "இந்தப் புத்தகம் மட்டுமே? பிறகு வந்த மூண்டு புத்தகத்திலையும் இதே படம்தான், எங்கடை பேரும் கிடக்கு. நாலு புத்தகமும் பிழை, எங்கடை லாச்சி மட்டும் சரியோ மிஸ்?" என்றார்.

திங்கட்கிழமை விசாரணைக் கூட்டம் என்று முடிவானது. அதற்குப் பிறகு பொலிசில் முறைப்பாடு. நியாஸ் திறப்பைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, திறக்காத பையைத் தோளில் போட்டுக்கொண்டு போனார். யாரும் தடுக்கவில்லை.

சனிக்கிழமை காலை வீட்டில் மேசையைத் துப்புரவாக்கி, அந்த நான்கு புத்தகங்களையும் படம் இருந்த பக்கங்களில் திறந்து வரிசையாக வைத்தேன். நான்கும் என்னிடம் இருந்தன. கணவர் தோட்டத்துக்குப் போகும் வழியில் நின்று பார்த்தார்.

"என்ன, எல்லாத்திலையும் ஒண்டுதானே?" என்றார்.

ஒன்றுதான். அதுதான் என்னை யோசிக்க வைத்தது. ஒரு நாணயத்தை நான்கு பேர் வெவ்வேறு காலத்தில் படம் எடுத்தால் வெளிச்சம் மாறும், நிழல் விழும் பக்கம் மாறும். இங்கே நான்கிலும் நிழல் ஒரே பக்கம் விழுந்தது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். படத்தின் ஓரத்தில், நாணயத்துக்கு வெளியே, ஒரு தலைமயிர் போன்ற மெல்லிய கோடு. படம் எடுத்தபோது எங்கோ ஒட்டியிருந்த தும்பு. அது நான்கிலும் இருந்தது.

பிறகு வந்த மூவரும் எங்கள் நாணயத்தைப் பார்க்கவே இல்லை. முதலாவது நூலில் இருந்த படத்தை எடுத்துப் போட்டிருக்கிறார்கள். ஆகவே எங்களிடம் இருந்தது நான்கு சாட்சி அல்ல, ஒரு சாட்சி. அந்த ஒருவரும் காலமாகிவிட்டார். போனில் இருக்கிறதே என்று கேட்டீர்கள். இப்போதும் போனில் தேடிப் பாருங்கள். அந்தப் படம் இன்னும் நிறைய இடங்களில் வரும். அத்தனை இடத்திலும் அந்தத் தலைமயிரும் இருக்கும்.

அடுத்த கேள்வி, அந்த முதலாமவர் படத்தை எங்கிருந்து எடுத்தார் என்பது. அவர் வந்து நாணயத்தை நிறுத்திருக்கிறார், அது உறுதி. படம் அவருடையதா? என்னிடம் இருந்த பழைய கட்டுரைகளை எல்லாம் புரட்டினேன், கிடைக்கவில்லை. மதியம் ஆனது. வேறு வழியில்லாமல் அடித்தட்டிலிருந்து பிலோமினா அக்காவின் கட்டை இறக்கினேன்.

ஏழெட்டுப் பட்டியல்களைப் பார்த்தபின், அந்த முதலாம் நூலைவிட மிகப் பழைய ஒன்று கையில் வந்தது. வெளிநாட்டு ஏலமொன்றின் பட்டியல். முன்பக்கங்கள் நன்றாகத் திறந்தன. விற்பனைக்கு வந்தவற்றில் ஒரு சேது நாணயம். அதே அரிய வகை. "விளிம்பில் சிறு காயம்" என்று எழுதியிருந்தது. நிறையும் கொடுத்திருந்தார்கள். அது எங்கள் நாணயத்தின் நிறை அல்ல. நன்றாகவே குறைவு.

கதிரையில் இருந்துவிட்டேன். படம் புத்தகத்தின் பின்பகுதியில் இருக்கவேண்டும். பின்பகுதி முழுவதும் உப்பும் ஈரமும் சேர்ந்து ஒரே பலகையாக ஒட்டிக் கிடந்தது.

சமையலறைக் கதவில் சாய்ந்து நின்ற கணவர், "வாழையிலை வெட்டிற மெல்லிசுக் கத்தி கிடக்கு. தரட்டோ?" என்றார். உதவி செய்யும் எண்ணத்தில்தான் கேட்டார். எனக்கும் கை துடித்தது. இழுத்தால் ஒரு நிமிடத்தில் திறந்துவிடும். ஆனால் தாளின் மேற்பரப்பு உரிந்து அடுத்த பக்கத்தோடு போய்விட்டால், அந்தப் படத்தை இந்த ஊரில் இனி யாராலும் பார்க்கமுடியாது. கத்தி வேண்டாம் என்றேன். மூடியுள்ள பெட்டிக்குள் ஈரத்துணியை வைத்து, அதற்குமேல் தட்டு வைத்து, புத்தகம் துணியில் படாதவாறு அதனை உள்ளே வைத்தேன். மெதுவாக இளகவேண்டும். அதற்கு நாள் எடுக்கும்.

பொறுப்பாளருக்குப் போன் எடுத்தேன். "சேர், கூட்டத்தை வியாழனுக்குத் தள்ளி வையுங்கோ. ஒரு புத்தகம் திறக்கவேண்டிக் கிடக்கு."

"புத்தகம் திறக்க ஏன் வியாழன் மட்டும் பொறுக்கவேணும்?" என்று கேட்டார். விளக்கிச் சொன்னேன். "ஒட்டின புத்தகத்தைக் காட்டி நான் கமிற்றிக்கு என்னத்தைச் சொல்லுறது? திங்கள் திங்கள்தான்" என்று வைத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பஸ் எடுத்து நகரத்துக்குப் போய் நியாஸின் வீட்டைத் தேடிப்பிடித்தேன். பாதி திருத்திய வீடு. முன்பக்கம் புதுச்சுவர், பின்பக்கம் இன்னும் பழைய இடிவு. அவருடைய மனைவி கதிரை போட்டு இருக்கச் சொன்னா. நியாஸ் வந்து எதிரே இருந்தார். நான் சந்தோசமாகவே சொல்லத் தொடங்கினேன். ஒரு பட்டியல் கிடைத்திருக்கிறது, நிறை வேறு, படம் மட்டும் இன்னும் பார்க்கமுடியவில்லை, அது திறபட்டால் எல்லாம் சரி என்று.

அவர் முழுவதும் கேட்டார். பிறகு, "திறபட்டா நான் நல்லவன். திறபடாட்டிக் கள்ளனோ அக்கா?" என்று கேட்டார்.

அவருடைய மனைவி கொண்டுவந்து வைத்த வட்டிலப்பம் மேசையில் இருந்தது. எனக்காக அவசரமாகச் செய்ததாகத் தெரியவில்லை, வீட்டில் வேறு யாருக்கோ செய்ததாக இருக்கும். "சாப்பிடுங்கோ" என்று நியாஸ்தான் சொன்னார். சாப்பிட்டேன். கேள்வியோடு வீட்டுக்கு வந்தேன்.

திங்கட்கிழமை கூட்டத்துக்கு அந்தப் புத்தகத்தைப் பெட்டியோடு கொண்டுபோனேன். கமிற்றி என்றால் பொறுப்பாளர், கல்லூரி நிர்வாகத்தில் இரண்டு பேர், ஆய்வாளர், நான். நியாஸ் சுவரோரம் கதிரையில் இருந்தார். நான் மூன்று விஷயம் சொன்னேன். நான்கு புத்தகத்திலும் உள்ள தும்பைக் காட்டினேன். ஏலப் பட்டியலில் உள்ள நிறையை வாசித்தேன். பிறகு பெட்டியைத் திறந்து, ஒட்டிய பக்கங்களைக் காட்டி, "இதை இப்ப இழுக்கமாட்டன்" என்றேன்.

"இழுத்துப் பாத்தாத்தானே தெரியும்?" என்றார் நிர்வாகத்தில் ஒருவர்.

"இழுத்துக் கிழிஞ்சா நீங்கள் நியாஸ்தான் எண்டு எழுதுவியள். கிழியாட்டி இல்லை எண்டு எழுதுவியள். ஒரு மனுசன்ரை காரியத்தைப் பசையிலை விடேலாது. நியாஸ் எடுத்தவர் எண்டதுக்கு உங்களிட்டை என்ன கிடக்கு? ஒரு படம். அது எங்கடை காசின்ரை படமோ எண்டே இப்ப தெரியாது. அப்ப ஒண்டும் இல்லை எண்டு எழுதுங்கோ. புத்தகம் திறபடேக்கை திறபடட்டும்."

வேலைக்காலம் முழுவதும் நான் கூட்டங்களில் இவ்வளவு கதைத்ததில்லை. ஆய்வாளர் தன் கண்ணாடியைக் கழற்றி, நான் கொண்டுபோன புத்தகங்களில் அந்தத் தும்பை ஒவ்வொன்றாகத் திரும்பவும் பார்த்தார். பிறகு பொறுப்பாளரின் பக்கம் திரும்பினார்.

"மிஸ் சொல்லுறதுதான் சரி. வெள்ளிக்கிழமை நான் ஒரு படத்தை நம்பிக் கதைச்சிட்டன். முறைப்பாடு ஒண்டும் எழுதவேண்டாம். எழுதினா நான் அதிலை கையெழுத்து வைக்கமாட்டன்."

சந்தேகத்தைக் கிளப்பியவரே கையெழுத்து வைக்கமாட்டேன் என்றபின், பொறுப்பாளருக்கு எழுதுவதற்கு எதுவும் இருக்கவில்லை. தன் கண்ணை நம்பிய ஓர் அறிஞர், அதே கண்ணால் திரும்பப் பார்க்கத் துணிந்ததை நான் அன்றைக்குத்தான் கண்டேன். பெரிய பட்டங்களைவிட இதுதான் இந்தத் தொழிலில் அபூர்வம்.

வியாழக்கிழமை ஆய்வாளர் கொழும்புக்குத் திரும்பாமல் நீர்வேலிக்கு வந்தார். பக்கங்கள் இளகியிருந்தன. அவர் ஒரு பக்கம் பிடிக்க, நான் மறுபக்கம் பிடித்து, மூச்சை அடக்கிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பிரித்தோம். இரண்டு தாள் மூலையில் உரிந்தது. மூன்றாவது சேதமில்லாமல் வந்தது. அதில் இருந்தது நாணயம். பாதி வெட்டுப்பட்ட "து", விளிம்பில் காயம், ஓரத்தில் அந்தத் தலைமயிர்.

முதலாம் நூலை எழுதியவர் எங்கள் நாணயத்தை நிறுத்து, படம் சரிவராததாலோ என்னவோ, அதே வகை என்று இந்தப் பழைய படத்தை எடுத்துப் போட்டு, கீழே எங்கள் பெயரை எழுதியிருக்கிறார். படத்தில் உள்ள நாணயம் யாழ்ப்பாணத்துக்குத் திரும்பி வந்ததே இல்லை. எங்களுடையது எங்கள் சேகரிப்பை விட்டு வெளியே போனதே இல்லை. ஆய்வாளர் இரண்டு நிறைகளையும் திரும்பத் திரும்ப வாசித்துவிட்டுச் சிரிக்கத் தொடங்கினார். எனக்கும் சிரிப்பு வந்தது. என் கணவர் ஒன்றும் விளங்காமலே எங்கள் இருவருக்கும் கதலிப்பழச் சீப்பு ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார்.

பொறுப்பாளர் நியாஸைத் தனியாகக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டார். நியாஸ், "நன்றி சேர். ஆனா பையைக் கேட்டது எல்லாருக்கும் முன்னாலை. உந்த மன்னிப்பையும் எல்லாருக்கும் முன்னாலை சொல்லுங்கோ" என்றாராம். இரண்டு நாள் பொறுப்பாளர் ஒருவரோடும் கதைக்கவில்லை. மூன்றாம் நாள் அதே அறையில், அதே ஆட்களைக் கூப்பிட்டுச் சொன்னார். சொல்வதற்கு அவர் பட்ட பாட்டைப் பார்க்க எனக்கு இரக்கமாக இருந்தது. ஆனாலும் சொன்னார். மேசையில் இருந்த திறப்பை எடுத்து அவரே நியாஸின் கையில் கொடுத்தார். நியாஸ் அதை வாங்கிச் சட்டைப் பொக்கற்றில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார்.

ஆகவே புத்தகம் சேர்க்கும்போது, எத்தனை சேர்ந்தது என்று எண்ணாதீர்கள். ஒவ்வொன்றும் எதைப் பார்த்து எழுதப்பட்டது என்று கேளுங்கள். நாணயத்தைக் கையில் எடுத்துப் பார்த்தவர் எழுதியதற்கு ஒரு தட்டு, புத்தகத்தைப் பார்த்து எழுதியதற்கு இன்னொரு தட்டு என்று நான் பிறகு பிரித்து அடுக்கினேன். இரண்டாம் தட்டில் இருப்பவை அழகானவை. முதலாம் தட்டில் நாறும் சாமான்களும் உண்டு. திறக்காத புத்தகத்தை வைத்து எந்த மனிதரையும் அளக்காதீர்கள் என்பதை நான் நியாஸின் வீட்டுக் கதிரையில் இருந்து படித்தேன். அதற்கு என் அலுமாரியில் புத்தகம் இல்லை.

அடுத்த பௌர்ணமிப் போயா விடுமுறைக்கு நியாஸ் மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். பெண்பிள்ளை என் கணவரோடு வாழைத்தோட்டம் பார்க்கப் போய்விட்டது. நியாஸ் அலுமாரிகளுக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, "அக்கா, அந்த நாலு புத்தகத்தையும் நான் ஒருக்காப் பாக்கலாமோ?" என்று கேட்டார்.

எடுத்து மேசையில் வைத்தேன். ஒவ்வொன்றிலும் அந்தப் படத்தை நின்று பார்த்தார். கீழே இருந்த எங்கள் கல்லூரியின் பெயரை விரலால் தொட்டார்.

"இதுகளிலை இன்னும் பிழையாத்தானே கிடக்கு."

"ஓம். கொழும்பு டொக்டர் கட்டுரை எழுதுறா. அது வந்தாப் பிறகு எல்லாருக்கும் தெரியும்."

"அதைப் படிக்காத ஆக்கள் இதைத் திறந்து பாத்தா?"

படத்துக்குப் பக்கத்தில் இருந்த வெற்று ஓரத்தை நியாஸ் தடவிப் பார்த்தார்.

"பக்கத்திலை ஒரு வரி எழுதட்டோ அக்கா? சின்னதாத்தான்."

என் புத்தகங்களில் நானே பென்சிலால் மட்டும்தான் எழுதுவேன், அதுவும் மெதுவாக, நாளைக்கு அழிக்கக்கூடிய மாதிரி. இந்தத் தொழிலில் இன்றைக்கு உறுதி என்று எழுதுவது அடுத்த வருடம் பிழையாகிப் போகும். ஒரு பழைய நூலில் போல்பேனையால் கீறிய பேரப்பிள்ளையோடு ஒரு கிழமை முழுக்கக் கதைக்காமல் இருந்திருக்கிறேன். நியாஸுக்கு அது தெரியும். மேசையில் இருந்த குவளைக்குள் தேடி, பென்சிலைத்தான் எடுத்தார்.

நான் அதை அவருடைய கையிலிருந்து வாங்கி வைத்துவிட்டு, பேனையைக் கொடுத்தேன்.